வெளுத்துப்போன வேட்டைப்பேன்கள்

அத்தியாயம் ஆறு

போலிச் சரக்கு வாங்கியவன் நன்றி சொல்லிக் கடிதம் எழுதுவதில்லை.

திருநெல்வேலி ஜங்ஷனில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இயங்கிவந்த தமது துப்பறியும் நிலையத்தில் உட்கார்ந்து, நாறும்பூநாதன் அந்தத் தபால் கார்டை நான்காவது முறையாகப் படித்தார். முக்கூடலில் வெண்டை பயிரிடும் பலவேசம் இவருடைய வாடிக்கையாளருக்கு எழுதியது; வழக்குக் காகிதங்களோடு இவர் கைக்கு வந்திருந்தது. 'தாங்கள் அனுப்பிய பேன் நல்லபடியாக வேலை செய்கிறது. இன்னொரு புட்டி அனுப்பவும்.' அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்றரை வரி, அவர் பதினோரு பக்கத்துக்கு எழுதிய அறிக்கையின் மேல் லாரி ஏற்றியதுபோல் ஏறி நின்றது.

"பரீச்சை எழுதுன பிள்ள மாதிரி முழிக்கீரே அண்ணாச்சி. மார்க்கு குறையுதோ?" என்றான் சுவிசேஷமுத்து. பத்தொன்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு உதவியாளனாகச் சேர்ந்தவன். டிக்கெட் எடுக்காதவனைப் பின்கழுத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பான்.

"குறையலை வே. ஃபெயிலு."

வழக்கு இதுதான். பாளையங்கோட்டையில் குருபிரசாத் என்ற விவசாயப் பட்டதாரி வேட்டைப்பேன் வளர்த்து விற்கிறார். கடுகை நாலாக வெட்டினால் ஒரு துண்டு எவ்வளவு இருக்கும்? அந்த அளவு உயிர். எட்டுக் கால். வெண்டையையும் ரோஜாவையும் உறிஞ்சிக் காயவைக்கும் செம்பேன்களைத் துரத்திப் பிடித்துத் தின்பதுதான் அதன் தொழில். அவரைச் செடியில் முதலில் செம்பேனை வளர்ப்பார்கள். அந்த இலையைக் கிள்ளித் தட்டில் போட்டு வேட்டைப்பேன்களை மேய விடுவார்கள். அவை ஓடிப்போகாமல் இருக்கத் தட்டைச் சுற்றி ஈரப்பஞ்சு. நீந்தத் தெரியாத ஜாதி. அதற்கு அதுவே சமுத்திரம்.

தீபாவளி முடிந்த கையோடு குருபிரசாத், வளர்ந்த பேன்களையெல்லாம் ஒரு ரோஜாத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, முட்டையையும் குஞ்சையும் வேலைக்காரி சுடலைவடிவிடம் ஒப்படைத்து, பயிற்சிக்காகக் கோயம்புத்தூர் போனார். எட்டு நாள் கழித்து வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் அலறிவிட்டார். நாலு வருடமாக அவர் வளர்த்த பேன் சிவந்து கொழுத்தது. முதுகு முடி நீளமானது. தட்டில் இருந்ததோ சின்ன உடம்பு, குட்டை முடி, கஞ்சித்தண்ணி நிறம். யாரோ அசலைத் திருடிவிட்டு ஏதோ காட்டுப்பேனை வைத்துவிட்டார்கள்!

அங்கேதான் நாறும்பூநாதன் நுழைந்தார். அளந்தார். முடி குட்டை என்பது உறுதியாயிற்று. தட்டில் மஞ்சள் பொடி கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்து, உறையிலிட்டு, அரக்கு வைத்து, 'தடயம் எண் 3: முகத்துக்குப் பூசும் மஞ்சள்' என்று எழுதினார். அறைக்கு இரண்டே சாவி. ஒன்று கோயம்புத்தூரில், மற்றது சுடலைவடிவிடம். மஞ்சள் பூசுகிறவள் பெண். ஆகவே திருடி சுடலைவடிவு. அவள் வீட்டையும் சோதனை போட்டாயிற்று. தடயம் கலையக்கூடாது என்று அறைக்குச் சீல் வைக்கச் சொன்னவரும் அவரே. அறிக்கையை எழுதிக் கொடுத்த அன்று வாடிக்கையாளர் வீட்டில் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு வேறு.

இன்று மாலை நாலு மணிக்கு அந்த அறிக்கையை இணைத்து குருபிரசாத் போலீஸில் புகார் கொடுக்கப் போகிறார். அதற்குப் பிறகு சுடலைவடிவு திருடியா இல்லையா என்பதை நாறும்பூநாதன் முடிவு செய்ய முடியாது. ஸ்டேஷன் பெஞ்சு முடிவு செய்யும்.

"ஒரு சந்தேகம் அண்ணாச்சி," என்றான் சுவிசேஷமுத்து. "திருடுதவன் எடுத்துட்டு ஓடுவான். அதே சைஸுல வேற ஆயிரம் பேனைப் புடிச்சு, அதுல வச்சிட்டுப் போவானா? கோழி திருடுன எவனாவது கூட்டுல காடையை வச்சிட்டுப் போயிருக்கானா?"

"இதை அஞ்சு நாளைக்கு முன்னாடி ஏன் சொல்லலை?"

"நீரு சொதி குடிச்சிட்டிருந்தீரு."

சீல் வைப்பதற்கு முந்தின நாள் அந்த அறையிலிருந்து வெளியே போனது, சுடலைவடிவு அனுப்பிய ஒரே ஒரு புட்டி. அது போன இடம் முக்கூடல். அதாவது, நாறும்பூநாதன் கையால் கெட்டுப்போகாத ஒரே சாட்சி பலவேசத்தின் வெண்டைத் தோட்டத்தில் இருந்தது.

"கெளம்பு வே."

பஸ்ஸில் சுவிசேஷமுத்து கண்டக்டருக்கு யோசனை சொல்லிக்கொண்டே வந்தான். பேட்டை தாண்டுமுன் கண்டக்டர் அவனை இறக்கிவிடப் பார்த்தார்.

பலவேசம் வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்றார். அந்த வருடம், தொண்ணூற்றைந்தில், ஐப்பசி முடியப்போகிறது. மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வறட்சி என்றால் செம்பேனுக்குக் கொண்டாட்டம். பக்கத்துத் தோட்டத்து வெண்டையெல்லாம் வெளிறி நூலாம்படை பிடித்திருக்க, பலவேசத்தின் நாலு வரிசை மட்டும் பச்சையாக இருந்தது.

நாறும்பூநாதன் ஓர் இலையைத் திருப்பிக் கைலென்ஸை வைத்தார். செம்பேன்கள் அங்கங்கே புள்ளி வைத்ததுபோல் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒன்று விறுவிறுவென்று ஓடியது. கொழுத்தது. செக்கச்செவேல் என்றிருந்தது. குருபிரசாத் வர்ணித்த அசல்!

மனிதன் ஒரு தவற்றிலிருந்து பாடம் கற்கிறான் என்பார்கள். நாறும்பூநாதன் அடுத்த தவற்றைக் கற்றுக்கொண்டார். நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, "இந்தத் திருட்டுப் பேனை உமக்கு வித்தது யாரு?" என்று முழங்கினார்.

பலவேசம் மண்வெட்டியைப் பைய ஊன்றினார். "நீரு யாரு?"

அடையாள அட்டை நீட்டப்பட்டது. பலவேசம் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல இருக்கவன் ஒட்டடைக் கம்பு மாதிரி இருக்கான். நீரு நெல்லுக் குதிரு மாதிரி இருக்கீரு. இது யாரு, உம்ம தம்பியா?"

"ஒரே ஆளுதான் அண்ணாச்சி," என்றான் சுவிசேஷமுத்து. "படம் எடுத்து பன்னெண்டு வருசமாச்சு. நடுவுல இவருக்கு முழுக்க மாப்பிள்ளை விசாரணைதான். ஒவ்வொரு கல்யாண வீட்டுலயும் பந்தியில உக்காந்துதான் விசாரிப்பாரு. சாப்பாடு பேசுது."

"எதை வச்சு நம்ப?"

"மூக்குக்கு எடப்பக்கம் மரு இருக்கு பாரும். படத்துலயும் அதே எடம். ஆளு எம்புட்டு ஊதுனாலும் மரு எடம் மாறாதுல்லா?"

பலவேசம் மருவைச் சரிபார்த்து அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "எவன்ட்டயும் வாங்கலை வே. பாளையங்கோட்டைல இருந்து போன வாரம் திங்கக்கெழமை பஸ்ஸுல ஒரு புட்டி வந்துது. தொறந்து பாத்தா எல்லாம் வெள்ளையா, சவலைப் பிள்ள மாதிரி இருந்துது. இதெங்க வேலை செய்யப் போவுதுன்னு நெனச்சுத்தான் தூவுனேன். ஒம்பது நாளாச்சு. இப்பப் பாரும்."

நாறும்பூநாதனின் கையில் அட்டை அப்படியே நின்றது. ஒட்டடைக் கம்பு. நெல்லுக் குதிர். நடுவே ஒரு மரு.

"வே சுவிசேஷம்," என்றார் மெதுவாக. "நான் அந்தப் பேனோட முடியை அளந்தேன்."

"ஆமா. பத்துத் தடவை அளந்தீரு. பக்கம் ஆறுல இருந்து எட்டு வரைக்கும் அதானே."

"எண்ணலையே. முதுகுல எத்தனை முடி, எங்கெங்க முளைச்சிருக்குன்னு பாக்கவே இல்லையே! நீளம் தொப்பை மாதிரி, கூடும் குறையும். எண்ணிக்கையும் எடமும்தான் மரு."

மறுபடியும் இலையில் குனிந்தார். ஒவ்வொரு இலையாகத் திருப்பினார். பத்தாவது இலையில் அவருக்கு வேண்டிய ஆள் கிடைத்தது. உடம்பு சின்னது, குருபிரசாத் தட்டில் இருந்த அதே சவலை. ஆனால் வயிறு சிவப்பு. அதன் பக்கத்திலேயே கொழுத்த சிவப்பு ஒன்று ஓடியது.

"தாயும் பிள்ளையும்," என்றார். துப்பறிவாளர்கள் இப்படிச் சொல்லும்போது சூழ்ந்திருப்பவர்கள் வியக்க வேண்டும். சுவிசேஷமுத்து கொட்டாவி விட்டான்.

ஆனால் ஒன்று எப்படி இயங்குகிறது என்று தெரிந்துவிட்டால் நாறும்பூநாதனை நிறுத்த முடியாது. வரப்பில் உட்கார்ந்து விளக்கினார். "பேனோட வயிறு கண்ணாடி டம்ளர் மாதிரி வே. பாலை ஊத்துனா வெள்ளை, நன்னாரி சர்பத்தை ஊத்துனா சிவப்பு. செம்பேனைத் தின்னா ஒண்ணு ரெண்டு நாள்ல வயிறு சிவந்துரும். முதுகு அப்படியில்லை. அது தச்ச சட்டை. குஞ்சா இருக்கும்போது பழைய தோலைக் கழட்டிக் கழட்டிப் புதுசு போட்டுக்கும். கடைசியாக் கழட்டிப் பெரிசாயிட்டா அப்புறம் அதே சட்டைதான் சாகிறவரை. வளருத நேரத்துல நல்ல சாப்பாடு இல்லைன்னா சட்டை சின்னதாப் போயிரும். முடியும் குட்டையாப் போயிரும்."

"அப்போ இங்கன வந்து செம்பேனைத் தின்ன சவலைக்கு வயிறு மட்டும் சிவந்துது. அதோட பிள்ளைங்க மொதல்ல இருந்தே செம்பேனைத் தின்னு பெரிய சட்டை தச்சுக்கிட்டு. சரியா?"

"சரி. முட்டைல இருந்து பெரிசாக ஒரு வாரம் போதும். நம்ம அறைல இருந்ததும் இதே ஜாதிதான். யாரும் எதையும் திருடலை."

"அப்போ பதினோரு பக்கம்?"

நாறும்பூநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டரை. ஒரு கேள்வி பாக்கி இருந்தது: கோயம்புத்தூர்ப் பயிற்சியின்போது அந்தக் குஞ்சுகள் எதைத் தின்று வளர்ந்தன? அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் இதே ஊரில், நாலு தெரு தள்ளி இருந்தாள்.

சுடலைவடிவு முறம் போன்ற சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பேன் வளர்க்கப் போகுமுன் அவள் செய்த வேலை. மூன்று வருடம் கழித்து, போன வாரம்தான் மறுபடியும் இலை வெட்டக் கத்தரியை எடுத்திருந்தாள். இரண்டு பேரையும் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. விரல் மட்டும் நிற்கவில்லை.

"கூட்டிட்டுப் போக வந்தியளா? ஸ்டேஷனுக்குத்தானே?"

"இல்லம்மா. ஒண்ணு கேக்கணும். அந்த ஆறேழு நாளும் பேனுக்கு என்ன போட்ட?"

விரல் நின்றது. அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இப்பக் கேக்கியளே சார். அன்னைக்கு என்ட்ட நாப்பது கேள்வி கேட்டிய. யாரு வந்தா, யாரு போனா, சாவியை எங்க வச்சே, உனக்கு எத்தனை கூடப்பொறந்தவன். பேனு என்ன தின்னுச்சுன்னு ஒரு கேள்வி கேட்டியளா?"

"கேக்கலை," என்றார் நாறும்பூநாதன்.

"ஆமணக்குப் பூந்தாது போட்டேன். செம்பேன் கெடைக்காத நாளைக்குன்னு சின்னய்யாவே டப்பாவுல சேத்து வச்சிருந்தது."

"செம்பேன் கெடைக்கலையா?"

"அதெல்லாம் செடி நெறைய கெடந்துது. பெரியய்யாதான் போடக் கூடாதுன்னுட்டாவ. சஷ்டில்லா? போன வருசம் வரைக்கும் பேனெல்லாம் வெளிய வாடகைக் கொட்டகைல இருந்துது. இந்த ஆவணிலதான் வீட்டுக்குள்ள கொண்டுவந்தாவ. 'சஷ்டி ஆறு நாளும் இந்த வாசல்படிக்குள்ள உயிர்க்கொலை ஆகாது, அதுகளும் சைவமா இருக்கட்டும்'னு சொல்லிட்டாவ. கொசுவத்திகூட கொளுத்தலை சார். அம்புட்டுப் பேரும் கொசுக்கடி வாங்கிக்கிட்டு இருந்தோம்."

சுவிசேஷமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, பேனு விரதம் இருந்திருக்கு வே!"

"இதை நீ சின்னய்யாட்ட சொல்லலையா?" என்று நாறும்பூநாதன் அவளைக் கேட்டார்.

"அப்பாவும் மவனும் ஒரே வீட்டுல இருக்காவ. சொல்லியிருப்பாவன்னுதானே நெனப்பேன்? பெரியய்யா சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூரு போய், அங்கன இருந்து மக வீட்டுக்குத் திசையன்விளைக்குப் போயிட்டாவ. இங்கன வந்தா நான் திருடியாம்."

நாறும்பூநாதன் தொண்டையைச் செருமினார். "அந்த மஞ்சள்..."

"அதான் சார் பூந்தாது. நான் மஞ்ச பூசுததே இல்ல. பூசுனா முகம் தடிச்சிரும். எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாவ. யாரைக் கேட்டிய நீங்க?"

அவர் யாரையும் கேட்கவில்லை. மோந்துதான் பார்த்திருந்தார். அன்று அவருக்கு ஜலதோஷம்.

பாளையங்கோட்டைக்கு மூவரும் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். வாசலில் குருபிரசாத் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். கக்கத்தில் ஃபைல். சுடலைவடிவைப் பார்த்ததும் உதைப்பதை நிறுத்தினார்.

"இவளை ஏன் கூட்டிட்டு வந்தீங்க?"

"புகார்ல ஒரு பிழை இருக்கு சார்," என்றார் நாறும்பூநாதன். "பதினோரு பக்கம் நீளம். அஞ்சு நிமிஷம் மைக்ராஸ்கோப்பைத் தாங்க."

ஒரு பக்கம் நாலு வருடம் முந்தைய பேன், கண்ணாடித் தகட்டில். மறுபக்கம் சீல் வைக்குமுன் நாறும்பூநாதன் அளப்பதற்காகத் தட்டிலிருந்து எடுத்த சவலை. குருபிரசாத் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். நீளத்தைப் பார்க்காமல் முடிகளை எண்ணச் சொன்னார் நாறும்பூநாதன். எந்த முடி எந்த இடத்தில் என்று தாளில் புள்ளி வைக்கச் சொன்னார். குருபிரசாத் புள்ளி வைத்தார். தகட்டை மாற்றி மறுபடியும் வைத்தார். இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு புள்ளிகூட விலகவில்லை.

"நான் படிச்சதுதான்," என்று முனகினார். "முதல் வருஷப் பாடம். இனம் பாக்க முடியோட இடத்தைத்தான் பாக்கணும். பயத்துல நிறத்தைப் பாத்துட்டேன்."

அப்போது வாசலில் ஆட்டோ நின்றது. நெற்றி நிறையத் திருநீறும் கையில் திருச்செந்தூர் இலை விபூதிப் பொட்டலமுமாக ஆவுடைநாயகம் இறங்கினார். ஓய்வுபெற்ற தாசில்தார். எல்லாரையும் ஒரு பார்வை பார்த்து, "என்ன, வீட்டுல ஜமாபந்தியா?" என்றார்.

"அப்பா! பேனுக்கு மகரந்தம் போடச் சொன்னது நீங்களா?"

"ஆமா. ஆறு நாளும் போடச் சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"விரதம் இருக்கதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டா இருப்பாங்க?"

"அது பேனுப்பா!"

"பேன்னா உயிரில்லையாலே? பட்டினியா போட்டேன்? சைவச் சாப்பாடு போட்டேன். உன் அம்மாகூட ஆறு நாளும் பாலும் பழமும்தான். அவளும்தான் மெலிஞ்சா. அவளை மாத்திட்டாங்கன்னு நீ போலீசுக்குப் போனியா?"

குருபிரசாத் உட்கார்ந்துவிட்டார். புகாரை எடுத்து நாலாகக் கிழித்தார். பிறகு சீல் வைத்த அறையின் ஞாபகம் வந்தது. திறந்து பார்த்தால் தட்டுகளில் முக்கால்வாசி செத்துக் கிடந்தது. விரதத்தைத் தாங்கிய பேன், துப்பறிவாளரைத் தாங்கவில்லை.

"முக்கூடல்ல பலவேசம் தோட்டத்துல கொழுகொழுன்னு ஓடுது சார்," என்றான் சுவிசேஷமுத்து. "நாலு இலை கிள்ளிட்டு வந்தாப் போதும், மறுபடியும் வம்சம் தழைச்சிரும்."

"கிள்ளி வளக்க ஆளு வேணுமே," என்று குருபிரசாத் தயங்கித் தயங்கிச் சுடலைவடிவைப் பார்த்தார். "நீ... நாளைக்கு வேலைக்கு வந்துரும்மா. நடந்தது நடந்துபோச்சு."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "உங்களுக்கு நடந்துபோச்சு சின்னய்யா. எங்க தெருவுல இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு. காலைல தண்ணி எடுக்கப் போனா குடத்தைத் தள்ளி வைக்காளுவ. இந்த சாரு வந்து என் வீட்டைச் சோதனை போட்டதை அம்புட்டுப் பேரும் பாத்தாவ. நான் திருடலைங்கிறதை நாலு செவத்துக்குள்ள சொன்னா எனக்குப் பத்தாது. இவரு அங்கன வரணும்."

எல்லாரும் நாறும்பூநாதனைப் பார்த்தார்கள். தம் வாழ்நாளில் எத்தனையோ உண்மைகளை அவர் பிறரைப் பற்றிக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார், கட்டணமும் வாங்கியிருக்கிறார். தம்மைப் பற்றியது இதுதான் முதல் தடவை.

"வாரேன்," என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு முக்கூடலில் அந்தத் தெருவின் வேப்பமரத்தடியில் நாறும்பூநாதன் நின்றார். முன்னால் முப்பது பெண்கள், ஆளுக்கொரு சுளகோடு. ஒருத்தியும் சுற்றுவதை நிறுத்தவில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய புது அறிக்கையை அவர் விரித்தார். ஒரே பக்கம். சுடலைவடிவு திருடவில்லை, நான் எண்ண வேண்டியதை எண்ணாமல் அளந்தேன், கேட்க வேண்டியதைக் கேட்காமல் மோந்தேன், அவள் தன் முதலாளி வீட்டுப் பெரியவர் சொன்னதைச் செய்தாள், அவள் வளர்த்த பேன் இன்று பலவேசத்தின் வெண்டையைக் காப்பாற்றுகிறது.

படித்து முடித்ததும் வழக்கம்போல் அவரால் நிறுத்த முடியவில்லை. கண்ணாடி டம்ளர், தச்ச சட்டை எல்லாவற்றையும் விளக்கினார். தின்கிற தீனிக்குத் தகுந்தபடி உடம்பு மாறும், ஆனால் ஆள் மாறுவதில்லை என்றார்.

நடுவரிசையிலிருந்து முத்துராணி என்ற பெண் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டாள்: "எல்லாம் வெளங்குது சார். பேனு பூந்தாது தின்னு சவலையாப் போச்சு. நீரு என்னத்தத் தின்னுட்டு அந்த மொத ரிப்போட்டை எழுதுனீரு?"

பொய் சொல்ல நாறும்பூநாதனுக்கு வாய் வரவில்லை. "சொதி," என்றார். "ரெண்டு தடவை வாங்கிக்கிட்டேன்."

தெரு முழுக்கச் சுளகுகள் குலுங்கின. சுவிசேஷமுத்து மரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்தான். சுடலைவடிவு மட்டும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில், குழாயடிக்குப் பக்கத்தில் குடத்தோடு நின்ற இரண்டு பேரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல இருந்து இன்னொரு தடவை வாசிங்க சார்," என்றாள். "அங்கன நிக்கவளுவளுக்குக் கேக்கலை."

நாறும்பூநாதன் தாளை நிமிர்த்திப் பிடித்து, குரலை உயர்த்தி, மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.